தெக்கெரோவா, டுடாவா, சித்தெராவா? ஹங்கேரிய நாட்டுப்புறக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

ஹங்கேரிய நாட்டுப்புற இசையில் ஈடுபாடு கொண்டு, வளர்ந்த வயதில் அதில் ஒரு கருவியைப் பழக விரும்புபவர் முன்னால் ஏழெட்டுக் கருவிகள் நிற்கின்றன. சக்கரத்தைச் சுழற்றி வாசிக்கும் ஹர்டி-கர்டி வகையான தெக்கெரோ, பைக்குழலான டுடா, மேசைமேல் வைத்து மீட்டும் சித்தெரா, இடையர்களின் புல்லாங்குழலான ஃபுருயா, கோலால் தட்டி வாசிக்கும் கார்டோன், மூன்று தந்தி வயோலாவான பிராச்சா, பெரிய சிம்பலோம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலோர் ஏதாவது ஒரு பதிவில் கேட்ட ஒலியில் மயங்கி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஒலி முக்கியம்தான் என்றாலும், அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதை வாசிக்கும்போது நம்முடன் யார் இருக்கப்போகிறார்கள்?

ஹங்கேரியக் கிராமங்களில் இசை பெரும்பாலும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாகவே வளர்ந்தது. ஆட்டத்துக்கு வாசிக்கும்போது மெட்டு, ஆதார சுருதி, தாளம் என்ற மூன்று வேலைகளையும் யாராவது செய்தாக வேண்டும். தெக்கெரோவும் டுடாவும் இம்மூன்றையும் ஒரே ஆளின் கையில் கொடுக்கின்றன. சித்தெரா அவற்றுக்கு அருகில் வருகிறது. கார்டோனும் பிராச்சாவும் மற்றவர்கள் இல்லாமல் பொருளற்றவை. ஃபுருயா பெரும்பாலும் வாசிப்பவருக்கே உரியது. தனியாக வசித்து, தனியாகவே பழகப்போகும் ஒருவர் பிராச்சாவை வாங்குவதும், வாரந்தோறும் ஒரு வயலின் குழுவுடன் கூடி வாசிக்க வாய்ப்புள்ளவர் டுடாவை வாங்குவதும் ஒரே வகையான தவறுகள்.

தெக்கெரோவைப் பற்றியே முதலில் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் மிக அதிகமாக ஆசைப்படப்படுவதும், மிக அதிகமாகப் பாதியில் கைவிடப்படுவதும் அதுதான் என்பது என் எண்ணம். ரோசின் என்னும் பிசின் பூசிய மரச்சக்கரம் ஒன்று வயலின் வில்லின் வேலையைச் செய்கிறது. வலது கை கைப்பிடியைச் சுழற்ற, இடது கை விரல்கள் இரண்டு வரிசையாக அமைந்த கட்டைகளை அழுத்துகின்றன; ஒவ்வொரு கட்டையிலும் உள்ள சிறு மரநாக்கு மெட்டுத் தந்தியைத் தொட்டு அதன் நீளத்தைக் குறைக்கிறது. மெட்டுத் தந்தியுடன் தாழ்ந்த ஆதார சுருதித் தந்தி ஒன்றும், ரெச்செகோ எனப்படும் கரகரப்புத் தந்தி ஒன்றும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது தந்திதான் ஹங்கேரியத் தெக்கெரோவின் உயிர். அது ஏறியிருக்கும் குதிரையின், அதாவது தந்தியைத் தாங்கும் சிறு மரத்துண்டின், ஒரு கால் உறுதியாக ஊன்றாமல் தளர்வாக நிற்கும். சக்கரத்தை ஒரே சீராகச் சுழற்றும்வரை அது அடங்கியிருக்கும். மணிக்கட்டைச் சட்டென்று முடுக்கினால் அந்தக் கால் பலகைமேல் அதிர்ந்து கரகரவென்று ஒலிக்கும். ஒரு சுழற்சிக்குள் அப்படி எத்தனை முறை, எந்த இடங்களில் முடுக்குகிறோம் என்பதே தாளம்.

பிரெஞ்சு ஹர்டி-கர்டியிலும் கரகரப்புக் குதிரை உண்டு. ஆனால் அங்கே அதன் உணர்திறனை ஒரு சிறு முளையிலிருந்து வரும் நூலின் இழுப்பால் சீர்செய்கிறார்கள். ஹங்கேரியில் சிறு ஆப்பு ஒன்று தந்தியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கேட்பதற்கு அற்பமான வேறுபாடாகத் தோன்றினாலும், பழகுபவருக்கு இது பெரிய வேறுபாடு: தாளக்கட்டின் ஒலியும், மணிக்கட்டின் அசைவும், கற்றுக்கொடுக்கும் முறையும் மாறிவிடுகின்றன. பிரெஞ்சுக் கருவியில் பொதுவாக ஆறு தந்திகள் இருக்க, ஹங்கேரியக் கருவி மூன்று அல்லது நான்கு தந்திகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே ஹங்கேரியப் பாடல்களை வாசிக்க விரும்புபவர், கிடைத்தது என்பதற்காகப் பிரெஞ்சுக் கருவியை வாங்கிவிட்டுப் பின்னர் ஹங்கேரிய ஆசிரியரைத் தேடினால் இருவருக்கும் சிரமம்தான்.

இக்கருவி ஹங்கேரியில் நாடெங்கும் பரவி நிலைத்த ஒன்றல்ல. டிசா ஆற்றையொட்டிய பெருஞ்சமவெளியின் தென்பகுதியில், செந்தெஷ் நகரைச் சுற்றியும் சோங்கிராட் வட்டாரத்திலும்தான் அதன் வழக்கம் 20ஆம் நூற்றாண்டுவரை தொடர்ந்தது. அங்கே சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளில், சிறு திருமணங்களிலும் பன்றியறுப்பு விருந்துகளிலும் நடனங்களிலும் தெக்கெரோவும் கிளாரினெட்டும் இணைந்து வாசித்தன. முழுத் தந்திக் குழுவை அழைக்க வசதியில்லாத வீட்டுக்கு இந்த இருவர் போதும் என்பதே அந்த இணையின் காரணம். கருவி செய்பவராகவும் வாசிப்பவராகவும் விளங்கிய பார்ஷோன் மிஹாய் என்ற டிசா வட்டாரத்துப் பெரியவரிடமிருந்துதான் பின்னாளில் நகரத்து இளைஞர்கள் இதைப் பெற்றுக்கொண்டார்கள். இன்று கேட்கப்படும் ஹங்கேரியத் தெக்கெரோ வாசிப்பில் பெரும்பகுதி இந்த ஒரே வட்டாரத்தின் வழிவந்தது என்பதைத் தேர்வு செய்பவர் நினைவில் கொள்ள வேண்டும். பாடல்களின் வளம் ஆழமானது. ஆனால் பரப்பு குறுகியது.

இனி இதன் தொல்லைகள். சக்கரத்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்தியிலும் மெல்லிய பஞ்சு சுற்ற வேண்டும். பஞ்சு மிகுந்தால் ஒலி மங்கும், குறைந்தால் கீறும். ரோசின் கூடினாலும் குறைந்தாலும் அதே கதை. காற்றின் ஈரப்பதம் மாறினால் சக்கரம் நுண்ணிய அளவில் வட்டம் தவறும், தந்தியின் அழுத்தம் மாறும், மரநாக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுரங்களைச் சீர்செய்ய வேண்டிவரும். தொடக்க மாதங்களில் வாசிக்கும் நேரத்துக்குச் சமமான நேரம் சீர்செய்வதிலேயே போகக்கூடும். அருகில் ஆசிரியரோ கருவி செய்பவரோ இல்லாதவருக்கு, தவறு தன் கையிலா கருவியிலா என்பதே விளங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தனித்து நிற்கும் தொடக்கநிலையாளருக்கு நான் தெக்கெரோவைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் கைவேலையில் பொறுமை உள்ளவர், சிறு சீர்செய்தல்களில் மகிழ்ச்சி காண்பவர், ஆசிரியரை அவ்வப்போதாவது நேரில் காணக்கூடியவர் என்றால் இதற்கு நிகரான பயன் தரும் கருவி வேறில்லை. கரகரப்பே பிடிக்கவில்லை, நீண்ட இழையும் ஒலி மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இது வேண்டாம். அவர் பாதிக் கருவிக்கு முழு விலை கொடுப்பவராவார்.

டுடா இதே மூன்று வேலைகளை மூச்சால் செய்கிறது. ஆட்டுத்தோல் பை பொதுவானது, நாய்த்தோலும் பயன்பட்டதுண்டு. தோள்மேல் சாய்ந்து கிடக்கும் நீண்ட குழல் ஆதார சுருதியைத் தர, விரல்கள் விளையாடும் முன்குழலில் அருகருகே இரண்டு துளைகள் குடையப்பட்டிருக்கும். ஒன்றில் மெட்டு வாசிக்கப்படுகிறது. மற்றொன்றான எதிர்க்குழலில் இரண்டே சுரங்கள், ஒன்று ஆதார சுரம், மற்றொன்று அதற்குக் கீழுள்ள பஞ்சமம். அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து மூடும்போது தாளம் பிறக்கிறது. குழலின் மேல்முனையில் ஆட்டுத்தலை ஒன்றைச் செதுக்கி வைப்பது வழக்கம். மெட்டுத்துளையின் மேற்பகுதியில் ‘தெள்ளுப்பூச்சித்துளை’ என்று சொல்லத்தக்க மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. அதைத் திறந்தால் வாசிக்கும் சுரம் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்கிறது. இந்தச் சிறு தந்திரம்தான் ஹங்கேரிய டுடாவின் அலங்காரங்களுக்கு அதன் துள்ளலைத் தருகிறது.

பையிலிருந்து காற்று தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் இரண்டு சுரங்களுக்கிடையே நிறுத்தம் என்பதே கிடையாது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால் இடையில் வேறொரு சுரத்தை மின்னலாகச் செருக வேண்டும். பாடலின் வீச்சு ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள் அடங்க வேண்டும். இத்தனை குறுகிய இடத்துக்குள்ளிருந்து, பாட்டின் அடிகளுக்கிடையே சிறு சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்பக் கோத்து வாசிக்கும் ‘அப்ராயா’ என்ற இடையிசையை இடையர்கள் உருவாக்கினார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர்களான பேலா பார்டோக்கும் சோல்டான் கோடாயும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகு உருளைகளில் பதிவு செய்தவற்றில் டுடா வாசிப்பும் இருக்கிறது. அப்போதே அது பின்வாங்கிக்கொண்டிருந்த கருவி, ஏனெனில் ரோமா இசைஞர்களின் தந்திக் குழுக்கள் ஊர் நடனங்களில் அதன் இடத்தைப் பிடித்திருந்தன. நோகிராட் பகுதியின் தெரெஷ்கெ ஊரைச் சேர்ந்த ஆடுமேய்ப்பர் பால் இஷ்த்வான், 1919இல் பிறந்து இந்நூற்றாண்டிலும் வாழ்ந்து, அந்த மரபை நேரடியாக இளையோருக்குக் கொடுத்துச் சென்றார்.

தெக்கெரோவையும் டுடாவையும் நேருக்கு நேர் வைத்தால், டுடா உடலிடம் அதிகம் கேட்கிறது, தெக்கெரோ கண்ணிடமும் கைத்திறனிடமும் அதிகம் கேட்கிறது. டுடாவின் ஒற்றை நாக்குச் சீவாளிகளும் வானிலைக்கு ஏற்ப மாறுபவை. நூல் சுற்றியும் மெழுகு ஒட்டியும் அவற்றைச் சீர்செய்யும் பழக்கம் வேண்டும். எனினும் சீர்செய்ய வேண்டிய இடங்கள் தெக்கெரோவில் உள்ளதைவிடக் குறைவு. டுடாவின் பெரிய குறை ஒன்றுதான்: அதைத் தாழ்ந்த ஒலியில் வாசிக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும் வீட்டில் இதைப் பழகுவது இயலாத காரியம். தெக்கெரோவும் அமைதியான கருவி அல்ல என்றாலும், கரகரப்புத் தந்தியையும் சுருதித் தந்தியையும் சக்கரத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டு மெட்டுத் தந்தியை மட்டும் பழக அதில் வழியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு சிறு சாதகம் உண்டு. துத்தி என்ற ஆட்டுத்தோல் பைச் சுருதிக் கருவியையும், சுருதிப் பெட்டியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, மாறாத ஆதார சுருதியின்மேல் மெட்டை நிறுத்துவது புதிதல்ல. பியானோவில் பழகி வந்தவர்கள் தடுமாறும் இடத்தில் அவர் தடுமாற மாட்டார்.

சித்தெராவுக்கு வருவோம். நீண்ட பெட்டியின் ஓரத்தில் சுரத்தின் இடத்தைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளின்மேல் செல்லும் மெட்டுத் தந்திகள் சில. மீதித் தந்திகள் அனைத்தும் ஃபிரெட்டில்லாமல் சுருதிக்காக ஒலிப்பவை. இடது கை விரல்களால் அல்லது ஒரு சிறு குச்சியால் மெட்டுத் தந்தியை அழுத்திக்கொண்டு, வலது கையில் பிடித்த வாத்து இறகுத் தண்டால் எல்லாத் தந்திகளையும் ஒன்றாக வருட வேண்டும். மேசைமேல் வைத்தால் மேசையே கூடுதல் ஒலிப்பெட்டியாகிவிடுகிறது. பழைய கருவிகளில் ஃபிரெட்டுகள் ஒரே வரிசையாக, அரைச்சுரங்கள் இல்லாமல் இருந்தன. பின்னர் இரண்டாவது வரிசை சேர்ந்து அக்குறையை நீக்கியது. சிற்றூர்களில் தச்சு வேலை தெரிந்த எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவியாக அது இருந்ததால், ஏழை வீடுகளுக்கும் எட்டியது. குதிரைத்தலை செதுக்கிய முனைகளைப் பெருஞ்சமவெளிக் கருவிகளில் இன்றும் காணலாம்.

1969இல் தொடங்கிய ஹங்கேரியத் தொலைக்காட்சியின் நாட்டுப்புறப் பாடல் போட்டிக்குப் பிறகு ஊர்தோறும் பாட்டுக் குழுக்கள் எழுந்தபோது, அவற்றுடன் சித்தெராக் குழுக்களும் பெருகின. அதன் விளைவாக, இன்று இக்கருவிக்கு ஆசிரியர்களும் பாடப்புத்தகங்களும் கருவி செய்பவர்களும் மற்ற எதையும்விட எளிதாகக் கிடைக்கிறார்கள். முதல் நாளிலேயே ஒரு பாடலை அடையாளம் தெரியும்படி வாசித்துவிடலாம். பாடிக்கொண்டே வாசிக்கலாம், டுடாவில் இது மிகக் கடினம். எளிது என்பதால் இதைத் தாழ்வாக நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு தேர்ந்த பெருஞ்சமவெளி வாசிப்பாளர், நடன வேகத்தில் இறகுத் தண்டை முன்னும் பின்னுமாக வீசித் தாளத்தை உடைத்துக் காட்டுவதைக் கேட்டதில்லை என்றே கொள்ள வேண்டும். ஒலி விரைவில் தேய்ந்துவிடுவது மட்டும் உண்மையான குறை. நீண்டு இழையும் சுரம் வேண்டுவோர்க்கு இது நிறைவளிக்காது. வாங்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை: வெறுமனே ஸிதர் என்று கேட்டால் ஆஸ்திரிய, பவேரிய மலைநாட்டுக் கச்சேரிக் கருவியைத் தந்துவிடுவார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தந்திகள் கொண்ட அது வேறு இசைக்கு உரியது.

ஃபுருயா ஆறு துளைகள் கொண்ட எளிய மரக்குழல். விலை குறைவு, பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை, பையில் எடுத்துச் செல்லலாம். மெட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த துணை இல்லாததால், எந்தக் கருவியை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு ஃபுருயா இருப்பது நல்லது. டுடா வாசிக்க விரும்புவோர் முதலில் இதிலேயே விரல் பழகுவது இயல்பான வழி. இதன் பெரிய உறவினரான, மேற்கு ஹங்கேரியின் நீண்ட குழல் தனி இயல்புடையது: ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஐந்தே துளைகள், ஊதும்போதே தொண்டையில் முனகி மற்றொரு குரலைச் சேர்க்கும் வழக்கம். கைகள் குட்டையாக இருப்பவருக்கு அதன் துளைகள் எட்டாது. இது ஆராய்ந்து அறிய வேண்டிய செய்தி அல்ல, கடையில் கையில் பிடித்தாலே தெரிந்துவிடும்.

குழுவுடன் வாசிக்க வாய்ப்புள்ளவரின் நிலை வேறு. புடாபெஸ்டில் 1972இல் தொடங்கிய தான்ட்ஸ்ஹாஸ் என்னும் நடனக்கூட இயக்கம், இன்று ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவின் சேக் போன்ற ஊர்களின் தந்திக் குழுக்களை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த இயக்கத்தின் கற்பிக்கும் முறையை யுனெஸ்கோ 2011இல் சிறந்த பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த நடனக்கூடங்களில் எப்போதும் தேவைப்படுபவர் பிராச்சா வாசிப்பவர். மூன்று தந்திகளும் ஒரே மட்டத்தில் அமையும்படி தட்டையாக்கிய குதிரையின்மேல் ஒரே வில்லிழுப்பில் முழு இசையிணைவையும் எழுப்புவது அவர் வேலை. மெட்டு வாசிக்கும் பெருமை அவருக்கு இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஆடுபவர் கால் தடுமாறும். ஏற்கெனவே வயலின் அல்லது வயோலா பிடித்துப் பழகியவருக்கு இதுவே மிக விரைவாகக் குழுவுக்குள் நுழையும் வாயில்.

கார்டோன் இன்னும் விசித்திரமானது. கிழக்குக் கார்பாத்திய மலைகளில், இன்றைய ருமேனியாவைச் சேர்ந்த ஜிமெஷ் பள்ளத்தாக்கில் வாழும் ஹங்கேரியர்களின் கருவி அது. செல்லோ வடிவில், ஒரே மரத்திலிருந்து குடைந்தும் செய்யப்படும் இதில் வில்லே இல்லை. ஒரே சுரத்துக்குச் சேர்த்த தந்திகளைக் குச்சியால் அடித்து, இடைவெளியில் மெல்லிய தந்தி ஒன்றைக் கிள்ளிப் பலகைமேல் சொடுக்க வேண்டும். கணவர் வயலின் வாசிக்க மனைவி கார்டோன் தட்டுவது அங்கே பழைய வழக்கம். ஜெர்குலா யானோஷும் அவர் மனைவி ஃபிகோ ரெகினாவும் அவ்வகையில் புகழ்பெற்ற இணை. சுரம் பிடிக்கும் காது தனக்கு இல்லை என்று அஞ்சுபவரும் இதை வாசிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. சுரம் பற்றி அது உண்மைதான். ஆனால் ஜிமெஷ் நடனங்கள் சிலவற்றின் சமமற்ற தாளங்களைப் பிடிக்கும் காது இல்லாதவருக்கு இது கொஞ்சமும் எளிதன்று.

சிம்பலோமை நான் இந்த ஒப்பீட்டில் அதிகம் வளர்க்கப்போவதில்லை. ஷுண்டா யோஷெஃப் புடாபெஸ்டில் 1874 முதல் செய்த, மிதியும் கால்களும் கொண்ட பெரிய கருவி, நூற்றுக்கும் மேற்பட்ட தந்திகளுடன் அறையின் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். கோடாய் தம் ‘ஹாரி யானோஷ்’ படைப்பில் இதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார் என்பதும், இதன் ஒலி எவரையும் கவரும் என்பதும் மெய். எனினும் சுருதி சேர்க்கவே தனிப் பயிற்சி வேண்டிய ஒரு கருவியைத் தொடக்கமாகத் தேர்வு செய்வதற்கு ஒரு நல்ல காரணத்தை என்னால் காண முடியவில்லை. தாரோகாத்தோவும் அப்படியே: இன்று அப்பெயரில் விற்கப்படுவது 1890களில் உருவான ஒற்றைச் சீவாளிக் கருவி, கிளாரினெட் அல்லது சாக்ஸபோன் தெரிந்தவருக்கு எளிது, மற்றவருக்கு ஏழெட்டுக் கருவிகளுள் இதை முதலாவதாக எடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியாகத் தொடங்குபவர் சித்தெராவையும் ஃபுருயாவையும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு தெக்கெரோவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஓரிரு ஆண்டுகளில் சார்தாஷ் நடன மெட்டுகள் கைக்கு வந்த பிறகும் இழையும் ஒலிக்கான ஏக்கம் தீராவிட்டால், அப்போது தெக்கெரோ. வெட்டவெளியோ ஒலி வெளியேறாத அறையோ இருக்கிறவர், ஒரு ஸ்தாயிக்குள் உள்ள பாடல்களோடு நிறைவடைகிறவர் டுடாவை எடுக்கலாம். புடாபெஸ்டிலோ வேறொரு நகரிலோ நடனக்கூடத்துக்குத் தவறாமல் செல்கிறவருக்கு பிராச்சா. இந்த வரிசையில் நான் உறுதியாக நிற்பது முதலாவது பரிந்துரையில்தான். மற்றவற்றில் ஆளுக்கேற்ப மாற்றத்துக்கு இடமுண்டு.

தெக்கெரோ என்றே முடிவு செய்தவர் வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒட்டுப்பலகையில் வெட்டிய மலிவான பொருத்துத் தொகுப்புகள் ஹர்டி-கர்டி எப்படி இயங்குகிறது என்று காட்டுவதற்குப் போதும். கரகரப்புக் குதிரை அவற்றில் பெரும்பாலும் கட்டுப்படாது என்பதால் ஹங்கேரியத் தாளத்தைப் பழக உதவாது. புடாபெஸ்டில் 1982 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் நடனக்கூடத் திருவிழாவின் கைவினைச் சந்தையில் பல கருவி செய்பவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். அந்நகரின் ஓபுடா பகுதியில் உள்ள நாட்டுப்புற இசைப் பள்ளியில் தெக்கெரோவும் டுடாவும் சித்தெராவும் முறையாகக் கற்பிக்கப்படுவதால், அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் கருத்தைக் கேட்டு வாங்குவது மேலும் நல்லது. கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் எல்லாத் தந்திகளையும் விலக்கிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அதன் விளிம்பு மேலும் கீழும் அலைந்தால், மற்ற எதையும் சோதிக்காமலே அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சக்கரம் சரியாக இருந்தால், மெட்டுத் தந்தியை மட்டும் வைத்து ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, அது சிக்காமல் தன் எடையாலேயே திரும்பி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கரகரப்புத் தந்தியைச் சேர்த்து, ஆப்பைச் சிறிது சிறிதாக நகர்த்தி, முடுக்கும்போது மட்டும் ஒலித்து முடுக்காதபோது அடங்கும் ஓர் இடம் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். விற்பவரே அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காட்ட முடியவில்லை என்றால், வாங்குபவரால் வீட்டில் அது முடியாது.